மயிலாப்பூரா, ஜார்ஜ் டவுனா?

சென்னையில் ஒரே ஒரு காலை, பழைய தெருக்களைப் பார்க்க எங்கே போவது?

வரலாறு
மயிலாப்பூர்: ஆங்கிலேயருக்கு வெகு முந்தியது. இங்கு நடந்த பங்குனி உத்திரத்தைச் சம்பந்தர் தேவாரத்திலேயே பாடியிருக்கிறார்.
ஜார்ஜ் டவுன்: கோட்டையை ஒட்டி வளர்ந்த 'கறுப்பர் நகரம்'. 1911இல்தான் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் வந்தது. இங்குள்ள அர்மேனியன் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது, எவ்வளவு அழகு! அங்கே 1772இல் கட்டிய அர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. முற்றத்துத் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அர்மேனிய எழுத்துகளை மிதிக்காமல் நடப்பதே கஷ்டம்.

நடை
மயிலாப்பூர்: நான்கு மாடவீதிகள், பக்கத்திலேயே திருமயிலை ரயில் நிலையம்.
ஜார்ஜ் டவுன்: மூட்டை, தள்ளுவண்டி நெரிசல். சீக்கிரமே போய்விடுங்கள்.

செலவு
இரண்டுக்கும் காபிக் காசுதான்.

வீட்டுப் பெரியவர்களோடு என்றால் மயிலாப்பூர். தனியாக, பொறுமையாகச் சுற்ற முடியுமென்றால் ஜார்ஜ் டவுன். என் ஓட்டும் அதற்குத்தான்.