நிகோலா பெனெடெட்டியோட ‘ஹோம்கமிங்’ ஆல்பம்: ஃபிடிலுக்காக வாங்கலாமா?

ஃபிடில்னா வேற ஒண்ணும் இல்ல, அதே வயலின்தான், நாட்டுப்புற பாணில வாசிச்சா அந்தப் பேர். கிளாசிக்கல் வயலின்காரங்க நாட்டுப்புற இசை ஆல்பம் போட்டாலே எனக்கு கொஞ்சம் பயம்தான், எல்லாம் சுத்தமா இருக்கும், ஆனா இஸ்திரி போட்டு மடிச்சு வச்ச மாதிரி இருக்கும். 2014ல டெக்கா கம்பெனி வெளியிட்ட இந்த ஆல்பம் அதுல பாதி மாட்டி பாதி தப்பிச்சிருக்கு.

கிளாசிக்கல் வயலின் வாசிக்கற நிகோலா ஸ்காட்லாந்து பொண்ணுதான், ஏர்ஷயர்ல வெஸ்ட் கில்பிரைடு ஊர், அப்பா இத்தாலிக்காரர். 2004ல பிபிசி யங் மியூசிஷியன் போட்டில ஜெயிச்சவங்க, கையில 1717ல செஞ்ச ஸ்ட்ராடிவேரியஸ், அதாவது உலகத்துலயே ரொம்ப ஒசத்தியா பேசப்படற வயலின்கள்ல ஒண்ணு. ஆல்பத்துல பெரிய ஐட்டம் மாக்ஸ் ப்ரூக் வயலினுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதின ஸ்காட்டிஷ் ஃபேன்டசி, அதெல்லாம் அவங்களுக்கு தண்ணி பட்ட பாடு. பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவும் நல்லா கூட வருது. ஆனா ப்ரூக் ஜெர்மன்காரர், ஸ்காட்லாந்து மெட்டுங்களை எடுத்து ஸ்பெயின்ல பிறந்த வயலின் மேதை சரசாத்தேவுக்காக எழுதினது, ஸோ அது எப்படி சுத்தினாலும் கச்சேரி மேடை சமாச்சாரம்தான்.

ஸ்காட்லாந்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பாட்டுங்களோட அரேஞ்ச்மென்ட்தான் எனக்கு ஒட்டல. அதுல ஒண்ணான ஆல்ட் லாங் சைன் மெட்டு வெறும் அஞ்சு சுரம், நம்ம மோகனத்தோட சுரங்கள்தான், யார் வேணா முணுமுணுக்கலாம், அதுக்குப் போய் இவ்ளோ அலங்காரம் எதுக்குங்க.

சரி, மேட்டருக்கு வரேன். ஸ்காட்லாந்து ஃபிடில்காரர் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843-1927) மெட்டுங்களை வச்சு ‘ஹரிகேன் செட்’னு ஒண்ணு இருக்கு, அதுக்காகவே வாங்கலாம். ஸ்ட்ராத்ஸ்பே கிங்னு பேர் எடுத்த மனுஷன் அவர். ஸ்ட்ராத்ஸ்பேங்கறது ஸ்காட்லாந்துக்கே உரிய டான்ஸ் தாளம், குட்டி நோட்டு முதல்ல வந்து வெடுக்குனு வெட்டும், நீள நோட்டு அதுக்கப்புறம்தான் வரும், ஸ்காட்ச் ஸ்னாப்னு சொல்லுவாங்க. இந்த வெட்டு வில்லு பிடிச்ச கையில இருந்து வரணும், பேப்பர்ல உள்ளபடி அளந்து வாசிச்சா டான்ஸ் செத்துரும். அதோட கிளாசிக்கல் ஆளுங்க நீள நோட்டு வந்தா கை தானா வைப்ரேட்டோ (விரலை ஆட்டி சுரத்தை அதிர வைக்கறது) போடும், ஃபிடில்காரங்க அதை ரொம்ப கம்மியாதான் தொடுவாங்க, அதுக்கு பதிலா பேக்பைப்ல வர்ற மாதிரி சின்னச் சின்ன கிரேஸ் நோட்டு, அதாவது முக்கிய சுரத்துக்கு முன்னாடி சட்டுனு வந்து போற அலங்கார சுரம், உள்ள சொருகுவாங்க. நிகோலாவுக்கு வேகமான இடங்கள்ல இந்த வெட்டு நல்லாவே விழுது, மெதுவான இடம் வந்தா மட்டும் பழைய வைப்ரேட்டோ எட்டிப் பாக்குது. அதுக்காக குறை சொல்லவும் மனசு வரல, ஏன்னா ஸ்கின்னரே கிளாசிக்கல் பயிற்சி எடுத்தவர்தான், மான்செஸ்டர் ஹாலே ஆர்க்கெஸ்ட்ரா வயலின்காரர்கிட்ட கத்துக்கிட்டவர். ரெண்டு கரையிலயும் கால் வச்ச ஆளோட மெட்டை எடுத்தது நல்ல யோசனை.

இன்னொரு நல்ல காரியம், தனியா வீரம் காட்டாம அந்த மண்ணு ஆளுங்களையே கூட்டிட்டு வந்தது. ஃபிடிலுக்கு ஷெட்லாண்ட் தீவுக்காரர் ஆலி பெயின், அக்கார்டியனுக்கு ஃபில் கன்னிங்ஹாம், ஸ்காட்லாந்தோட பழைய கேலிக் மொழில பாட ஜூலி ஃபவுலிஸ். ஜூலி பாடற இடத்துல நிகோலா ஒதுங்கி நின்னு வாசிக்கறாங்க பாருங்க, ஸ்டார் சோலோயிஸ்ட்ங்கற நெனப்பே இல்ல, எனக்கு மொத்த ஆல்பத்துலயும் அதான் ரொம்ப பிடிச்சது. ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல அந்த கிரேஸ் நோட்டெல்லாம் காணாம போயிரும்.

முழுக்க முழுக்க ஃபிடில்தான் வேணும்னா இது உங்களுக்கு இல்ல. ஆலி பெயினும் ஃபில் கன்னிங்ஹாமும் ஜோடியா வாசிச்ச ரெக்கார்டிங் நிறைய கிடைக்குது, நேரா அங்க போயிருங்க.