நாய்க்கு முடி சீர்படுத்த: பார்லரா, வீடா?

நீள முடி வளரும் சிறு நாய் இனமான ஷிட்சு ஒன்றை வளர்க்கிறோம், அதற்கு இப்போது நான்கு வயது. முதல் ஒன்றரை ஆண்டுகள் மாதம் ஒருமுறை பார்லருக்குக் கொண்டுபோனோம். இடையில் இரண்டு முறை வாசலுக்கே வந்து முடி சீர்படுத்தும் வேனை அழைத்தோம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பெரும்பாலும் வீட்டிலேயே செய்துகொள்கிறோம். மூன்றையும் பார்த்துவிட்டேன் என்றாலும் நடுநிலையாக எழுதுவதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் சாய்வு வீட்டுப் பக்கம்தான்.

செலவை முதலில் முடித்துவிடலாம். குளியல், முடிவெட்டு, நகம், காது எல்லாம் சேர்த்துப் பார்லரில் ஒரு முறைக்கு 1,500 ரூபாய் கொடுத்தோம். வேனுக்கு அதைவிட 300 ரூபாய் கூடுதல். வீட்டுக்கென்று கிளிப்பர் (முடிவெட்டும் மின்கருவி), ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் கொண்டது), இரும்புச் சீப்பு, நகவெட்டி ஆகியவற்றை வாங்க 5,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. நான்கே மாதத்தில் கணக்கு நேராகிவிட்டது. வேனைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. காரில் ஏறினால் வாந்தி எடுக்கும் நாய்க்கு அது பெரிய உதவி. மற்றபடி அதுவும் சக்கரம் வைத்த பார்லர்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது பணமன்று, சிக்கு. ஷிட்சுவின் முடி நம் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்கிற முடியும் தரையில் விழாமல் பக்கத்து முடியிலேயே மாட்டிக்கொள்ளும். காதுக்குப் பின்னால், முன்னங்காலின் அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், பின்தொடையின் உட்புறத்தில் என்று உரசல் உள்ள இடங்களிலெல்லாம் நான்கு நாள் சீப்புப் படாவிட்டால் முடிச்சு விழத் தொடங்கும். அந்த முடிச்சோடு குளிப்பாட்டினால் தண்ணீர் பட்டு அது இன்னும் இறுகும். மாதம் ஒருமுறை பார்லருக்குப் போகும் நாய்க்கு நடுவில் நான்கு வாரங்கள் இருக்கின்றன என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

உறவினர் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் வந்து, மூன்று வாரம் சீப்பே எடுக்காமல் ஒருமுறை பார்லருக்குப் போனோம். அங்கிருந்தவர் காதுக்குக் கீழே சீப்பை வைத்தார். அது ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் நாய்க்குத்தான் வலி, ஒட்ட வெட்டுவதைத் தவிர வழியில்லை என்றார். அவர் சொன்னது சரி. வெட்டியபோது முடி தனித்தனியாக உதிரவில்லை. பழைய கம்பளித் துண்டைப் போல ஒரே படலமாக உரிந்து வந்தது. அதற்கு அடியில் தோல் சிவந்து, ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. சென்னையின் புழுக்கத்தில் சிக்குக்குள் தேங்கும் ஈரம் காய்வதே இல்லை. பார்லரில் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது குளியலையும் வெட்டையும் மட்டுமே என்பதும், சிக்கெடுப்பது எப்போதுமே எங்கள் வேலையாகத்தான் இருந்திருக்கிறது என்பதும் அன்றுதான் புரிந்தன. அந்த வேலையை வீட்டில் ஒழுங்காகச் செய்துவிட்டால், மீதியைச் செய்வது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

ஒழுங்காக என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. பிரஷ் மட்டும் போட்டால் மேல்முடி பஞ்சுபோல் பளபளக்கும்; அடியில் சிக்கு அப்படியே கிடக்கும். ஆகவே இடது கையால் முடியை மேலே ஒதுக்கி, வகிடு எடுப்பதுபோல் தோல் தெரியும்படி வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் முதலில் பிரஷ்ஷாலும் பிறகு இரும்புச் சீப்பாலும் வார வேண்டும். சீப்பு எங்கே தடைப்படுகிறதோ அங்கே வேரைத் தோலோடு சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து அடியை நோக்கிச் சிறிது சிறிதாகப் பிரித்தால் நாய் இழுவையை உணராது. புதனும் ஞாயிறும் இருபது நிமிடம் இதற்குப் போகிறது. கூடவே இன்னொரு லாபமும் உண்டு: காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணி உடனே கையில் தட்டுப்படும். உண்ணி எர்லிக்கியா போன்ற காய்ச்சல்களைப் பரப்பும் நம் ஊரில் மாதம் ஒருமுறை பார்ப்பது போதாது.

கிளிப்பரைப் பற்றிய பயம் சில வாரங்களில் போய்விடும். 10ஆம் எண் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது பாதுகாப்பானது. ஓடஓடப் பிளேடு சூடேறும் என்பதால் அவ்வப்போது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிக்கை வெட்ட மட்டும் கத்தரிக்கோலைத் தோலருகே கொண்டுபோகவே கூடாது. சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே இழுபட்டிருக்கும், வெட்டிய பிறகுதான் தெரியும். நான் வெட்டிய முதல் வெட்டு முதுகில் படிக்கட்டு கட்டியதுபோல் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. நாய் அதைப் பொருட்படுத்தவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சிரித்தார்கள்.

பார்லர் தெளிவாக முந்துவது உலர்த்துவதில். அங்குள்ள புளோயர் தண்ணீரை அடிமுடியிலிருந்தே ஊதித் தள்ளிவிடும். வீட்டு ஹேர் டிரையர் மேலே காயவைத்து உள்ளே ஈரத்தை விட்டுவிடும், சூட்டைக் கூட்டினால் தோல் காய்ந்து அரிக்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் குளியலுக்கு மட்டும் இன்றும் பார்லருக்குப் போகிறோம்.

என் அனுபவம் ஒரே ஒரு ஷிட்சுவோடு நிற்பது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குறுமுடி நாய்களுக்கு ஈரத்துணியும் ரப்பர் பிரஷ்ஷும் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களை வெயிலுக்காக மழித்துவிடக் கூடாது என்பது மட்டும் உறுதி. ஆனால் அவற்றை நான் வளர்த்ததில்லை. அவ்வளவு அடிமுடியை வீட்டில் உலர்த்துவது கடினம் என்று தோன்றுவதால், அங்கே பார்லரின் பக்கம் சாய்வேனோ என்னவோ.

நகத்தில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். வெள்ளை நகமென்றால் உள்ளே ஓடும் இரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். எங்கள் நாய்க்கு எல்லாமே கறுப்பு. இரண்டாம் முறை வெட்டும்போதே இரத்தம் வந்து, சோளமாவை அழுத்தி நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நகவெட்டியைக் கண்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. மாதம் ஒருமுறை நகத்துக்காக மட்டும் கால்நடை மருத்துவரிடம் போகிறோம். அவர் வெட்டும்போது கையை ஆட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது.