வௌவால் நுரையீரலில் பூஞ்சை: வளர்த்துப் பார்ப்பதா, பிசிஆரா?

தேவிபட்டினம், மண்டபம் பக்கம் பாழடைந்த கட்டடத்தில் ஒரு வௌவால் செத்துக் கிடக்கிறது என்று வையுங்கள். அதன் நுரையீரலில் ஹிஸ்டோபிளாஸ்மா, நிமோசிஸ்டிஸ் போன்ற பூஞ்சைகள் இருந்தனவா என்று அறிய இரண்டு வழிகள்.

ஒன்று, திசுவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. ஹிஸ்டோபிளாஸ்மா மெதுவாக வளரும். 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். வளர்ந்துவிட்டால் உயிருள்ள பூஞ்சையே கண்ணெதிரில் இருக்கும். ஆனால் அதன் வித்துகள் மூச்சில் போனால் மனிதருக்கும் நோய் வரும், அதனால் உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். நிமோசிஸ்டிஸோ பூஞ்சை வளர்க்கும் வழக்கமான ஊட்டக் கலவைகளில் வளரவே வளராது.

இன்னொன்று பிசிஆர் சோதனை. அது பூஞ்சையின் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. ஓரிரு நாளில் முடிவு தெரியும். மெக்சிகோ, அர்ஜென்டினா வௌவால்கள் சிலவற்றின் நுரையீரலில் இரண்டு பூஞ்சைகளும் சேர்ந்தே இருந்தது இப்படித்தான் தெரியவந்தது.

நம் கடற்கரைக்கு எது சரி? என் ஓட்டு பிசிஆருக்கு. இந்த வெயிலில் உடல் சீக்கிரமே அழுகும். அப்புறம் அதை வளர்க்கப் போட்டால் வேறு கிருமிகள் முந்தி வளர்ந்து மூடிவிடும். பிசிஆருக்கென்றால் திசுவை எத்தனாலில் போட்டு, ஐஸ் இல்லாமலே மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பலாம். எத்தனால் பூஞ்சையைக் கொன்றுவிடும் என்பதால் வளர்ப்புக்கு அது ஆகாது.

பூஞ்சை உயிரோடிருந்ததா, நோய் உண்டாக்கியதா என்று பிசிஆர் சொல்லாது. நோய் உண்டாக்கியதா என்று அறிய, ஒரு துண்டு திசுவை ஃபார்மலினில் வைத்து நுண்ணோக்கியிலும் பார்க்க வேண்டும்.

வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கவும் வேண்டாம், தூசியில்தான் வித்துகள் பறக்கும்.