பத்து நாளில் எஃப்பிஐ சான்றிதழ் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

கனடா பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) விண்ணப்பிக்கிறவர்களில் முன்பு அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நானும் மனைவியும் 36,000 ரூபாயையும், 60 நாள் கெடுவில் மூன்று வாரத்தையும் ஒரு கன்சல்டன்சியிடம் தொலைத்தோம். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. சென்னையில் இருக்கிறது, ஏசி ஆபீஸ், சுவரெல்லாம் மேப்பிள் இலை, அவ்வளவுதான் சொல்வேன்.

2018 முதல் 2021 வரை நியூஜெர்சியில் எடிசனில் இருந்தோம். எனக்கு எச்1பி வேலை விசா, அவளுக்கு எச்4 என்ற துணைவர் விசா. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற கனடா பிஆர் விண்ணப்ப முறையில் கடந்த 10 வருடத்தில் எந்த நாட்டிலெல்லாம் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தோமோ, அங்கிருந்தெல்லாம் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டினால் பிசிசி என்ற அந்தப் போலீஸ் சான்றிதழ் கிடைத்துவிடும், எங்களுக்கு அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. அமெரிக்காவுக்கு, அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தரும் சான்றிதழ் வேண்டும். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் வைத்து அதைத் தர மாட்டார்கள். பத்து விரலையும் கார்டில் உருட்டிப் பதித்து மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊருக்கு அனுப்ப வேண்டும், அந்த ரேகையை வைத்துத்தான் தேடுவார்கள்.

முதல் அடி ஜனவரியிலேயே விழுந்துவிட்டது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ப்ரொஃபைல் போட்ட கையோடு "எஃப்பிஐ இப்பவே எடுத்து வைத்துவிடலாமா" என்று கேட்டேன். "வேண்டாம் சார், அது ஆறு மாசம்தான் செல்லும், ஐடிஏ வரட்டும்" என்றார் அந்த கன்சல்டன்சி ஆள். ஐடிஏ என்றால் விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடா அனுப்பும் அழைப்பு. இது பாதி உண்மை. 6 மாதக் கணக்கு இப்போது நீங்கள் வசிக்கும் நாட்டின் சான்றிதழுக்கு மட்டும்தான். விட்டு வந்துவிட்ட நாட்டுக்கு, கடைசியாக அங்கே வசித்த காலத்துக்குப் பிறகு எடுத்ததாக இருந்தால் போதும். 2021-இல் கிளம்பிய நாங்கள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை, ஆக எப்போது வேண்டுமானாலும் நிதானமாக எடுத்து வைத்திருக்கலாம். கனடா அரசின் குடிவரவுத் தளத்திலேயே இது இருக்கிறது. காசு கொடுத்து ஆள் வைத்தாச்சே என்று நான் படிக்காமல் விட்டேன், அது என் தப்பு.

ஏப்ரலில் அழைப்பு வந்தது. 60 நாளில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். உடனே அவர்கள் ஒரு "எக்ஸ்பிரஸ் பேக்கேஜ்" எடுத்து நீட்டினார்கள். எஃப்பிஐ அங்கீகரித்த சேனலர் நிறுவனம் (விண்ணப்பத்தை வாங்கி எஃப்பிஐக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தனியார் நிறுவனம்) மூலமாகப் பத்து நாளில் வந்துவிடும், தலைக்கு 18,000. எஃப்பிஐயிடம் நேரடியாகக் கேட்டால் கட்டணம் வெறும் 18 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்பதை யாரும் வாயே திறக்கவில்லை. "அசல் கார்டு அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது" என்று அதற்குத் தனியாக 800 வேறு. பிறகு பார்த்தால் அந்த ரேகைக் கார்டுப் படிவம் எஃப்பிஐ தளத்திலேயே கிடக்கிறது, வீட்டுப் பிரிண்டரில் சாதாரண வெள்ளைத் தாளில் எடுத்தால் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

ரேகை எடுத்த கதையைக் கேளுங்கள். ஆபீஸ் பையன் ஒருவன் நீல ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்து, பத்திர ஆபீஸில் பெருவிரல் வைக்கிற மாதிரி பத்து விரலையும் அழுத்தி அழுத்தி எடுத்தான். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுக்க வேண்டும் என்பதோ, கீழே நான்கு விரலையும் சேர்த்துத் தட்டையாகப் பதிக்கும் கட்டங்கள் எதற்கு என்பதோ அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எம்.சி.ஏ. படித்துவிட்டுக் கைநாட்டு வைக்கத் தெரியவில்லை என்று மனைவி சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தோம்.

பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, "ப்ராசஸிங் சார்" என்ற ஒரே பதில். பத்தொன்பதாவது நாள் நேரில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் மெதுவாக வந்தது உண்மை. சேனலர் வழி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். எச்1பியில் இருந்துவிட்டு வந்தவனுக்கு அந்தக் கதவே கிடையாது. நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கிறதாம், அதனால் "பெண்டிங்" வைத்திருக்கிறார்களாம். சரி, இப்போது என்ன செய்வது என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, "சிட்டிசன்னு ஒரு டிக் போட்டுட்டா போயிடும் சார், யார் பார்க்கப் போறா" என்கிறார்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் வாழ்நாள் தடை வரை இழுத்துவிடக்கூடிய விஷயம். அதுவும் குற்றப் பின்னணி இல்லை என்று காட்டும் சான்றிதழுக்காக எஃப்பிஐக்குப் போகிற தாளில் பொய். உங்களில் யாராவது ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியிருந்தால், உங்கள் பெயரில் என்ன படிவம் போனது என்று நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், முக்கியமாக அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்கிறார்கள் என்று.

அன்று இரவே எஃப்பிஐ தளத்தில் நானே பதிந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 18 டாலர் கார்டில் கட்டியதும் ஒரு மின்னஞ்சல் வரும், அதைப் பிரிண்ட் எடுத்து ரேகைத் தாளோடு கூரியரில் அனுப்ப வேண்டும். அவசரத்தில் அவர்களிடமிருந்த அந்த நீல மைத் தாளையே வாங்கி அனுப்பினேன். முட்டாள்தனம். ரேகை தெளிவில்லை என்று இரண்டு பேருக்கும் நிராகரிப்பு வந்தபோது 31-ஆவது நாள்.

பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்தேன், இதெல்லாம் எங்கள் வேலை இல்லை என்றுவிட்டார்கள். கடைசியில் நண்பரின் மாமனார் ஒருவரைக் காட்டினார். விரல்ரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டு மொட்டை மாடி அறையில் வைத்துச் செய்கிறார், தலைக்கு 1,500. நீலத் தாளைப் பார்த்ததுமே "இது ரேகை இல்லை தம்பி, கறை" என்றார். கறுப்பு அச்சு மை, கண்ணாடிப் பலகை, ரப்பர் உருளை. மை மெல்லிசாகப் பரவ வேண்டுமாம், அதிகமானால் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நிரம்பிவிடும். வெயிலில் வந்ததால் என் விரல் வேர்த்திருந்தது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஒவ்வொரு விரலையும் அவரே பிடித்து உருட்டினார். "நீங்க கையைத் தளர்த்தி விடுங்க, உதவி பண்றேன்னு அழுத்தாதீங்க." மூன்று செட் எடுத்துக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே உறையில் போடச் சொன்னார், ஒன்றில்லாவிட்டால் ஒன்று தேறும் என்று.

மனைவியின் விரலைப் பார்த்துவிட்டு மட்டும் உதட்டைப் பிதுக்கினார். சோப்புத் தூளும் பாத்திரப் பொடியும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்திருக்கிறது. ரேஷன் கடை மெஷினில் என் அம்மாவுக்கு விரல் பதியாமல் போகுமே, அதே கதைதான். ஒரு வாரம் தண்ணீரில் கை வைக்காமல், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வரச் சொன்னார். அந்த ஒரு வாரம் பாத்திரம் துணி இரண்டும் என் தலையில், அது வேறு பதிவு.

என் சான்றிதழ் 43-ஆவது நாள் மின்னஞ்சலில் வந்தது, ரகசிய எண்ணைப் (PIN) போட்டுத் திறக்கும் இணைப்பு. கைது விவரம் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. அவளுடையது 56-ஆவது நாள். அதுவரை நான் சும்மா இருக்கவில்லை. ஒருவேளை வராமலே போனால் வைப்பதற்கு, பணம் கட்டிய ரசீது, கூரியர் ரசீது, நிராகரிப்புக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்லவேளை தேவைப்படவில்லை, 57-ஆவது நாள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம்.

இன்னொன்று, அந்த ஆபீஸில் எனக்குப் பிறகு வந்த ஒரு பையனிடம் "கனடாவுக்கு பயோமெட்ரிக்ஸ் கொடுப்பீங்கல்ல, அதே ரேகைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை. அது கனடா தன் பதிவுக்காக 85 கனடிய டாலர் வாங்கிக்கொண்டு எடுப்பது, அதை வைத்து எஃப்பிஐ சான்றிதழ் கிடைக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரேகை எடுத்துக் கொடுத்ததோடு சேவை முடிந்துவிட்டதாம். ரசீதில் "ஆவண உதவிக் கட்டணம்" என்று மட்டும் போட்டிருக்கிறது, எஃப்பிஐ என்றோ பத்து நாள் என்றோ ஒரு எழுத்து இல்லை, அதை நான் கட்டும்போது கவனிக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, நல்லெண்ணமாக 4,000 தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். வேண்டாம் என்றேன். "10 நாள் கேரண்டி சார்" என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் என்னிடம் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்காக அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே ஆபீஸில் இதே பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.