மூன்று நிமிட மேடையா, கோயில் மண்டபமா?

முனைவர் பட்ட மாணவர்களைத் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசப் பழக்க இரண்டு வழிகள். ஒன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய, ஆய்வை மூன்று நிமிடத்தில் சொல்லும் போட்டி: ஒரே ஸ்லைடு, அதிலும் எதுவும் அசையக்கூடாது, நேரம் தாண்டினால் தகுதி போச்சு. வேண்டாததை வெட்டிப் பேச இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மற்றது, மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் கோயில் மண்டபத்தில் பேசுவது. செம்பனையின் (எண்ணெய்ப் பனையின்) அடித்தண்டை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சையை ஆராயும் பிள்ளை, முப்பது வருடம் குலை வெட்டிய தாத்தா முன்னால் "நோய்க்காரணி" என்று ஆரம்பித்தால் புரியவில்லை என்பதை அவர் முகமே சொல்லிவிடும், அப்புறம் "எந்த மரத்தை முதல்ல சாய்க்கணும் தம்பி?" என்று கேட்பார் பாருங்கள், அங்கேதான் பிள்ளை தன் ஆய்வையே மறுபடி யோசிக்கும்.

நான் மண்டபத்தில்தான் தொடங்குவேன். போட்டி அடுத்த வாரம் என்றால் மட்டும், சரி, கடிகாரத்தை முதலில் எடுங்கள்.