குலசேகரம் பக்கத்துப் பள்ளியில் காலை உணவு: ஒரு தாயின் மதிப்பீடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றிப் பலரும் அரசியல் நோக்கில் எழுதிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாயாகவும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவும், தட்டில் விழும் உணவை வைத்தே நான் இதை மதிப்பிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருந்தாக வேண்டும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களோ பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே வேனைப் பிடிக்க ஓடுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் காலையில் அடுப்பு எரிவதில்லை. பழங்கஞ்சி இருந்தால் குடித்துவிட்டு வருவார்கள், இல்லாவிட்டால் வெறும் கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத தேநீர்) வந்துவிடுவார்கள். போதாததற்கு, இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும், அன்றைய கூலியும் கிடைக்காது. நோட்டுக்கும் குடைக்கும் பணம் தேடும் அந்த வாரங்களில் பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளைச் சூடான உணவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கூலி வேலைக்குப் போகும் எந்தத் தாயும் சொல்வாள்.

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முறை வைத்துச் சமைக்கிறார்கள். பிள்ளை ஒருவருக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அரசு வகுத்த அளவு. சிறு பிள்ளைகளுக்கு அது போதும். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறார்கள். எங்கள் பள்ளியில் வெண்பொங்கல் மிக நன்றாக இருக்கிறது, குழைவாக, மிளகு கடிபடாமல் பொடித்துப் போட்டுச் செய்கிறார்கள். ரவை உப்புமா அப்படியில்லை. இறக்கியவுடன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேருந்து தாமதமாகி ஒன்பது மணியை ஒட்டி வரும் பிள்ளைக்குக் கரண்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகிய கட்டியே கிடைக்கிறது. சாம்பாரைச் சற்றுக் கூடுதலாக வைத்தாலே இந்தக் குறை தீரும். சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள் பொறுப்பானவர்கள், பரிமாறும் முன் ருசி பார்க்காமல் விடுவதில்லை. அவர்களுடைய உழைப்புக்குத் தரும் ஊதியம் உயர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மண்ணுக்கே உரிய உணவு ஒரு நாளாவது வேண்டும். புட்டும் பயறும், அல்லது அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) தேங்காய்ச் சட்னியும் கொடுத்தால் தட்டில் மிச்சம் இருக்காது. பயறு, ரவையைவிடச் சத்தானதும்கூட.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகள் நிறைந்த குமரி மாவட்டத்தில், ஒரே தெருவில் ஒரு பிள்ளை பள்ளியில் சாப்பிட, அடுத்த வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நிலை அதன் பிறகும் நீடித்தது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்த பிறகுதான் எங்கள் பள்ளிக்கும் அது கிடைத்தது.

இன்னும் தீராத பெருங்குறை, திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதுதான். ஆறாம் வகுப்புக்குப் போன அக்காளின் தாயும் அதே பால்வெட்டுக்குத்தான் போகிறாள். வளரும் வயதில், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு, உணவு கூடுதலாகத் தேவைப்படும் காலம் அது. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை கிடைக்கும்போது காலை உணவை எட்டாம் வகுப்பு வரையாவது நீட்டிக்க வேண்டும் என்று எங்கள் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன்; மற்றப் பள்ளிகளின் பெற்றோரும் இதையே கேட்க வேண்டும்.