குறுக்கெழுத்தில் சிக்கினால்: அகராதியா, அப்பத்தாவா?

காரைக்குடிப் பக்கம் காலை பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்தோடு உட்காருபவர்கள் கேட்பது இது. பாதியில் நின்றுவிட்டால் அகராதியைப் புரட்டலாமா, வீட்டுப் பெரியவர்களைக் கேட்கலாமா?

செலவு: அப்பத்தாவைக் கேட்கக் காசு வேண்டாம். அகராதிக்கும் இப்போது அப்படித்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசம்.

வேகம்: முதல் எழுத்து தெரிந்தால் அகராதி. கடைசி எழுத்து மட்டும் கிடைத்தால் அச்சு அகராதி கைகொடுக்காது. 'யானை, நாலு கட்டம், முடிவில் ம்' என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டாள் பாசுரம் கேட்டு வளர்ந்த அப்பத்தா, பாக்கு வெட்டிக்கொண்டே 'வாரணம்' என்பார். வேழம் மூன்று, குஞ்சரம் ஐந்து என்று விரல்விட்டு எண்ணியும் காட்டுவார். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பது புதியவர்களுக்கு அப்போதுதான் பிடிபடும்.

எழுத்து விளையாட்டு: 'வாசி' திரும்பினால் 'சிவா'. இந்த மாதிரிக் குறிப்புக்கு அகராதி உதவாது, பேசிப் பார்க்க ஆள் வேண்டும்.

நம்பகம்: இதில் அகராதிதான். வளவு, பட்டாலை என்று நம் வீட்டுச் சொல்லைப் பெரியவர்கள் சொல்லிவிடலாம். வெளியூரில் புதிர் அமைப்பவர் மனதில் அது இருந்திருக்காது.

தனியாகப் போடுபவருக்கும் அரிய சொல்லைச் சரிபார்ப்பவருக்கும் அகராதி போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அப்பத்தாதான். முழு விடையையும் சொல்லாமல் முதல் எழுத்தை மட்டும் தரச் சொல்லுங்கள்.